பெயர் சொல்லா அடையாளங்கள்

நுழையும்முன்

கடிகாரம் நேரம் காட்டியது. தொலைக்காட்சி படம் காட்டியது. தொலைபேசி குரலைக் கொண்டுசேர்த்தது. இன்று இக்கருவிகள் நமக்குக் காட்டுவதோடு நிற்பதில்லை, நம்மையும் காண்கின்றன. கண்டதைப் பதிவுசெய்து வேறோரிடத்திற்கு அனுப்பவும் செய்கின்றன. நாளிதழ்களில் இது குறித்த செய்திகள் அடிக்கடி இடம்பெறுகின்றன. அவற்றுள் சிலவற்றின் உள்ளே நிகழ்ந்தது என்ன என்பதை இப்பாடம் விளக்குகிறது.

இருளில் தெரிந்த ஒளிக்கோடுகள்

2018ஆம் ஆண்டு சனவரி மாதம். ஆஸ்திரேலியாவில் பன்னாட்டுப் பாதுகாப்பு குறித்துப் பயின்றுவந்த இருபது வயது மாணவர் ஒருவர் இணையத்தில் ஓர் உலக வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதனை வெளியிட்டது ஸ்ட்ராவா என்னும் உடற்பயிற்சிச் செயலியை நடத்தும் நிறுவனம். ஓடுவோர், மிதிவண்டி ஓட்டுவோர் ஆகியோரின் திறன்பேசிகளும் கைக்கடிகாரங்களும் பதிவுசெய்த ஏறத்தாழ 100 கோடிப் பயிற்சிகளை ஒன்றுதிரட்டி, மக்கள் மிகுதியாகச் செல்லும் தடங்களை ஒளிக்கோடுகளாகக் காட்டியது அவ்வரைபடம். ஐரோப்பிய, அமெரிக்கப் பெருநகரங்கள் ஒளிவெள்ளத்தில் மிதந்தன. ஆப்கானிஸ்தான், சிரியா போன்ற நாடுகளின் வெட்டவெளிகளோ இருண்டு கிடந்தன. அவ்விருளின் நடுவே ஆங்காங்கே சில கோடுகள் மட்டும் சதுரமாகவும் நீள்வட்டமாகவும் ஒளிர்ந்தன.

ஆளரவமற்ற அவ்விடங்களில் நாள்தோறும் ஓடுபவர் யார்? படைவீரர்களே. முகாமின் சுற்றுவேலியை ஒட்டி அவர்கள் காலையும் மாலையும் ஓடிய ஓட்டம், முகாம் இருக்கும் இடத்தையும் அதன் எல்லையையும் உள்வழிகளையும் வரைந்து காட்டிவிட்டது. அம்மாணவர் தாம் கண்டதைப் பொதுவெளியில் எடுத்துரைத்ததும் உலக நாளேடுகள் அனைத்திலும் அது செய்தியாயிற்று. அதே ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், களப்பணியில் உள்ள வீரர்கள் இருப்பிடம் காட்டும் வசதியைத் தம் கருவிகளில் பயன்படுத்தக் கூடாது என அமெரிக்கப் பாதுகாப்புத் துறை ஆணை பிறப்பித்தது.

இந்நிகழ்ச்சியில் எவரும் எதையும் திருடவில்லை. கணினிக் கொள்ளையர் எவரும் பூட்டை உடைக்கவில்லை. வரைபடத்தில் ஒருவருடைய பெயரும் இல்லை. தாம் எத்தனை கிலோமீட்டர் ஓடினோம் என்பதை அறிய விரும்பிய வீரர் ஒவ்வொருவரும் தமக்குத் தீங்கற்றதாகத் தோன்றிய ஒரு துணுக்கை மட்டுமே கொடுத்தனர். துணுக்குகள் ஒன்றுசேர்ந்தபோது, எவரும் சொல்லாத ஒன்றை அவை சொல்லின.

இருப்பிடத்தைச் செயற்கைக்கோள்கள் பார்த்துக்கொண்டே இருக்கின்றன எனப் பலர் கருதுகின்றனர். அது பிழையான எண்ணம். ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் நேரக் குறிப்புடன் கூடிய அலைகளை அனுப்புவதோடு தம் பணியை முடித்துக்கொள்கின்றன. அவ்வலைகள் வந்துசேர எடுத்துக்கொண்ட காலத்தைக் கொண்டு, தான் இருக்கும் இடத்தைத் திறன்பேசியே கணித்துக்கொள்கிறது. அக்கணிப்பை வெளியே எடுத்துச்செல்வது, அதற்கு இசைவு பெற்ற செயலி. எனவே கேள்வி எழுப்பப்பட வேண்டியது வானத்தை நோக்கியன்று. அச்செயலியை நடத்தும் நிறுவனத்தை நோக்கியே. ஒரு திறன்பேசி இரவெல்லாம் ஓரிடத்திலும் பகலெல்லாம் வேறோரிடத்திலும் இருக்குமானால், முன்னது வீடு, பின்னது பள்ளி அல்லது பணியிடம் எனக் கண்டுகொள்வதற்குப் பெரிய அறிவு தேவையில்லை.

தொலைக்காட்சியும் இதற்கு விலக்கன்று. விசியோ என்னும் அமெரிக்க நிறுவனத்தின் இணையத் தொலைக்காட்சிகள், திரையில் ஓடும் காட்சியின் புள்ளிகளை நொடிக்கு நொடி எடுத்து அனுப்பி, எந்த வீட்டில் எந்த நிகழ்ச்சி பார்க்கப்படுகிறது என்பதைக் கண்டறிந்து, அவ்விவரங்களைப் பிறருக்கு விற்றுவந்தன. பார்ப்போரிடம் முறையாக இசைவு பெறாமல் 1 கோடியே 10 இலட்சம் பெட்டிகளிலிருந்து இவ்வாறு திரட்டப்பட்டதாகக் குற்றஞ்சாட்டப்பட்டு, 2017 பிப்ரவரியில் அந்நிறுவனம் 22 இலட்சம் டாலர் செலுத்த உடன்பட்டது. பெட்டி ஒன்றுக்குக் கால் டாலர்கூடத் தேறாத தொகை அது!

வேம்பு காட்டிக்கொடுத்த வேந்தன்

‘பெயரை நீக்கிவிட்டோம், ஆகவே அச்சம் வேண்டா’ என்பது நிறுவனங்கள் வழக்கமாகக் கூறும் விளக்கம். பெயரை நீக்குவது எவ்வளவு காக்கும் என்பதைத் தமிழ் மாணவர் தம் இலக்கியத்திலிருந்தே அறியலாம்.

அன்பின் ஐந்திணையில் தலைமக்களின் இயற்பெயரைச் சுட்டுதல் கூடாது என்பது தொல்காப்பியம் வகுத்த நெறி. காதல் வாழ்வைப் பாடலாம். யாருடையது எனக் காட்டலாகாது. ஆகவேதான் அகப்பாடல்களில் தலைவனும் தலைவியும் தோழியும் பெயரின்றி உலவுகின்றனர். பத்துப்பாட்டுள் ஒன்றாகிய நெடுநல்வாடையிலும் தலைவன் பெயரை நக்கீரர் கூறவில்லை. பிரிவால் வருந்தும் தலைவியையும், பாசறையில் நள்ளிரவில் புண்பட்ட வீரரைக் காணவரும் தலைவனையும் பாடுகிறார். ஆயினும் அங்கே ஒரு வேலின் தலையில் வேப்பந்தழை கட்டப்பட்டிருப்பதாக ஒரு குறிப்பு வருகிறது. வேம்பு பாண்டியருக்குரிய அடையாளம். அவ்வொரு குறிப்பு இன்னார் எனக் காட்டிவிடுவதால் இப்பாட்டு அகமாகாது, புறமாயிற்று என்பது உரையாசிரியர் நச்சினார்க்கினியர் கருத்து. பெயர் இல்லாமலும் ஆளை அடையாளம் காட்டலாம் என்பதை இதனினும் சுருக்கமாக விளக்குதல் அரிது.

2006 ஆகஸ்டு மாதத்தில் ஏஓஎல் என்னும் அமெரிக்க இணைய நிறுவனம் செய்ததை இக்கண்ணோட்டத்தில் நோக்கலாம். ஆய்வாளர்களுக்கு உதவும் நோக்கில், தன் தேடுபொறியைப் பயன்படுத்திய ஏறத்தாழ 6,50,000 பேர் மூன்று மாதங்களில் தட்டச்சிட்ட 2 கோடித் தேடற்சொற்றொடர்களை அது பொதுவில் வெளியிட்டது. பயனர் பெயர்களை நீக்கி, ஒவ்வொருவருக்கும் ஓர் எண்ணை இட்டிருந்தது. சில நாள்களிலேயே நியூயார்க் டைம்ஸ் நாளிதழின் செய்தியாளர்கள் அவ்வெண்களுள் ஒன்றுக்குரியவரின் வீட்டுக் கதவைத் தட்டினர். ஜார்ஜியா மாநிலத்தின் சிற்றூர் ஒன்றில் வாழ்ந்த, கணவரை இழந்த, 62 வயது மூதாட்டி அவர். தம் ஊரில் தோட்டப்பணி செய்வோரைத் தேடியிருந்தார். தம் குடும்பப் பெயர் கொண்ட சிலரைத் தேடியிருந்தார். தம் பகுதியில் விற்பனையான வீடுகளைத் தேடியிருந்தார். இம்மூன்றும் சேர்ந்ததும் வேலில் கட்டிய வேப்பந்தழையாயின.

இச்செய்தியில் பெரும்பாலோர் கவனிக்கத் தவறும் பகுதி ஒன்றுண்டு. அம்மூதாட்டியின் தேடல்களில் நோய்கள் பல இடம்பெற்றிருந்தன. அவற்றைப் படிப்பவர் எவரும், அவர் பல பிணிகளால் வருந்துகிறார் என்றே முடிவு செய்வர். உண்மையில், நோயால் கலங்கிய தோழியர்க்கு ஆறுதல் கூறுவதற்காகவே அவர் அந்நோய்களைப் பற்றித் தேடிப் படித்திருந்தார். தரவு ஒருவரைக் காட்டிக்கொடுப்பது ஒரு தீங்கு. தவறாகக் காட்டுவது மற்றொரு தீங்கு. அவ்வாறு தவறாகக் காட்டிய குறிப்பு ஒரு காப்பீட்டு நிறுவனத்தையோ வேலை தருவோரையோ சென்றடைந்தால், பாதிக்கப்பட்டவர் அதனை அறியவும் வழியில்லை; மறுக்கவும் வாய்ப்பில்லை. நிறுவனம் பதிவுகளை விரைந்து நீக்கியது. எனினும் அதற்குள் அவற்றைப் படியெடுத்துக்கொண்டோர் பலர்.

‘மறைக்க என்னிடம் ஒன்றுமில்லை’ என்போர் இவ்விடத்தில் சற்று எண்ணிப் பார்க்கலாம். மருத்துவர் அறிந்த நோயும் ஆசிரியர் அறிந்த மதிப்பெண்ணும் நண்பர் அறிந்த மனக்குறையும் கமுக்கங்கள் அல்ல. அவற்றை அறிய வேண்டியவர் அறிந்திருக்கின்றனர், அவ்வளவே. மருத்துவரிடம் சொன்னது கடைக்காரர் காதுக்கு எட்டும்போதுதான் இடர் பிறக்கிறது. யாரிடம் எதனைச் சொல்வது என்பதை முடிவு செய்யும் உரிமைக்கே அந்தரங்க உரிமை என்று பெயர்.

நூறு படங்களுக்கு ஒரு பெட்டி

இம்மோதல் திறன்பேசியோடு பிறந்ததன்று. 1888இல் ஜார்ஜ் ஈஸ்ட்மன் கோடாக் என்னும் கைப்பெட்டி நிழற்படக்கருவியை 25 டாலர் விலையில் விற்பனைக்குக் கொண்டுவந்தார். அதனுள் நூறு படங்களுக்குரிய சுருள் இருந்தது. அதுவரை நிழற்படம் என்பது நிலையத்திற்குச் சென்று, அசையாமல் அமர்ந்து எடுத்துக்கொள்வது. எடுக்கப்படுபவர் அறியாமல் எடுக்க இயலாதது. புதிய கருவியோ தெருவில் செல்பவரை அவர் அறியாமலேயே படமாக்கியது. இரண்டே ஆண்டுகளில், 1890 டிசம்பரில், சாமுவேல் வாரன், லூயி பிராண்டைஸ் என்னும் பாஸ்டன் வழக்கறிஞர் இருவர் ஹார்வர்டு சட்ட இதழில் அந்தரங்க உரிமை குறித்த கட்டுரையை வெளியிட்டனர். நொடியில் எடுக்கப்படும் நிழற்படங்களையும் வீட்டுச் செய்திகளை விற்கும் நாளேடுகளையும் சுட்டி, மனிதனைத் தனித்திருக்க விடும் உரிமையைச் சட்டம் ஏற்க வேண்டும் என அவர்கள் வாதிட்டனர்.

சட்டம் உடனே செவிசாய்த்துவிடவில்லை. நியூயார்க் மாநிலத்தில் இளம்பெண் ஒருவரின் படத்தை அவரது இசைவின்றி மாவு விளம்பரத்தில் அச்சிட்டு, 25,000 சுவரொட்டிகளைப் பரப்பினர். அவர் தொடுத்த வழக்கை, அத்தகைய உரிமை சட்டத்தில் இல்லை எனக் கூறி 1902இல் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. மக்களின் சினம் நாளேடுகளில் வெளிப்பட்டது. மறு ஆண்டே, ஒருவரின் பெயரையோ படத்தையோ எழுத்துவழி இசைவின்றி வணிகத்திற்குப் பயன்படுத்துவதை அம்மாநிலச் சட்டமன்றம் தடைசெய்தது.

இந்திய மண்ணில்

இந்திய அரசமைப்பில் அந்தரங்க உரிமை என்னும் சொல் தனித்து இடம்பெறவில்லை. 1954, 1962ஆம் ஆண்டுகளின் இரு தீர்ப்புகள் அவ்வுரிமையை ஏற்கத் தயங்கின. 1994இல், தமிழ்நாட்டில் மரண தண்டனை பெற்ற சிறைவாசி ஒருவரின் தன்வரலாற்றை நக்கீரன் இதழ் வெளியிட முற்பட்டபோது எழுந்த வழக்கில், உயிர்வாழும் உரிமையை வழங்கும் 21ஆம் உறுப்பிலேயே அந்தரங்க உரிமையும் அடங்கியுள்ளது என்று உச்ச நீதிமன்றம் கூறியது. ஆதார் திட்டத்தை எதிர்த்துக் கருநாடக உயர் நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி கே.எஸ். புட்டசாமி தொடுத்த வழக்கில், 2017 ஆகஸ்டு 24 அன்று ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக அதனை அடிப்படை உரிமை என அறிவித்தபோதுதான் ஐயம் முற்றிலும் நீங்கியது.

இதற்கு ஓராண்டு முன்னர், தன் பயனர்களின் விவரங்களை ஃபேஸ்புக்குடன் பகிர்ந்துகொள்ளப்போவதாக வாட்ஸ்அப் அறிவித்தது. இதனை எதிர்த்து டெல்லி உயர் நீதிமன்றத்தை அணுகியவர்கள் மாணவர்கள் இருவர். குறித்த நாளுக்குள் கணக்கை நீக்கிவிட்டு வெளியேறியோரின் விவரங்களை அழித்துவிட வேண்டும் என நீதிமன்றம் பணித்தது. வழக்கு பின்னர் உச்ச நீதிமன்றம் சென்றது. மாணவர் வழக்காடி என்ன ஆகிவிடப்போகிறது என எண்ணுவோர்க்கு இதுவே விடை.

2023ஆம் ஆண்டின் எண்ணியல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இத்தொடரின் அண்மைக் கண்ணி. இசைவு என்பது தெளிவானதாகவும் குறித்த ஒரு நோக்கத்திற்கானதாகவும் இருத்தல் வேண்டும். அதனைக் கொடுத்தது எவ்வளவு எளிதோ அவ்வளவு எளிதாகத் திரும்பப் பெறவும் இயல வேண்டும் என்று அது கூறுகிறது. இன்று எந்தச் செயலியைத் திறந்தாலும் ‘ஏற்கிறேன்’ என்னும் பொத்தான் பெரிதாகவும் வண்ணமாகவும் முதல் திரையிலேயே நிற்கிறது. மறுக்கும் வழியோ அமைப்புகளுக்குள் நான்கைந்து படிகள் இறங்கிய பின்னரே தென்படுகிறது. இவ்வேறுபாட்டைத் தற்செயலானது எனக் கருத இடமில்லை.

பதினெட்டு வயது நிரம்பாதவரைச் சட்டம் குழந்தை என்றே கொள்கிறது. பதினோராம் வகுப்பு மாணவருள் பெரும்பாலோர் இவ்வரையறைக்குள் அடங்குவர். அவர்தம் தரவுகளைப் பெறப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க இசைவு வேண்டும். சில விலக்குகள் நீங்கலாக, அவர்களின் நடத்தையைப் பின்தொடர்ந்து கண்காணித்தலும் அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்தலும் கூடா. மீறினால் 200 கோடி ரூபாய் வரை தண்டத்தொகை விதிக்கலாம். 2025 நவம்பரில் வெளியான விதிகள், முதன்மையான கடமைகளை நிறைவேற்ற நிறுவனங்களுக்கு 18 மாத அவகாசம் அளித்தன.

இசைவு கோரும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ அரசமைப்பின் எட்டாம் அட்டவணையில் உள்ள 22 மொழிகளுள் ஒன்றிலோ படிக்கும் வாய்ப்பை நிறுவனம் வழங்க வேண்டும் என்பதும் இச்சட்டத்தின் கூறு. அம்மொழிகளுள் தமிழும் ஒன்று. தமிழில் அவ்வறிவிப்பு வரும்போது, படிப்பவர்க்கு விளங்கும் தமிழில் அதனை எழுதும் பணி எவரேனும் ஒருவருக்கு வாய்க்கும். இன்று மொழிபெயர்ப்பையும் சட்டத்தையும் கணினியியலையும் பயிலத் தொடங்கும் மாணவர்களுள் ஒருவராகவும் அவர் இருக்கலாம்.