ஒன்பது வட்டுகளின் உளறல்

யூடியூபில் ஓடும் ஒரு வகைக் காணொலியைப் பார்த்தவர்கள் எல்லாரும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. உள்ளங்கையை நிறைக்கும் எஃகுப் பூட்டு. விலை பல ஆயிரம் ரூபாய். யாராலும் நெம்ப முடியாது என்று விளம்பரம். ஒருவர் மெல்லிய கருவி ஒன்றை நுழைத்து இப்படியும் அப்படியும் திருகுகிறார். இரண்டு நிமிடத்தில் பூட்டு வாயைப் பிளக்கிறது. அப்படியானால் பூட்டுக் கம்பெனிக்காரர்கள் நம்மை ஏமாற்றுகிறார்களா? கொஞ்சம் ஏமாற்றுகிறார்கள். காணொலிக்காரரும் கொஞ்சம் ஏமாற்றுகிறார். அதே ரகப் பூட்டோடு அவர் மல்லுக்கட்டிய மாதங்கள் படத்தில் வருவதில்லை. இந்த இரண்டு மிகைகளையும் கழித்துவிட்டுப் பார்த்தால் உருப்படியான ஒரு கேள்வி மிஞ்சுகிறது. கோடிச் சாவிகளில் ஒன்றே ஒன்றுக்குத் திறக்க வேண்டிய பூட்டு, சாவியே இல்லாத ஆளிடம் தன் ரகசியத்தை எப்படிச் சொல்லிவிடுகிறது? காகிதத்தில் வரைந்த வரை அது எதையும் சொல்வதில்லை. அதை உலோகத்தில் கடைந்து செய்தாக வேண்டுமே, அங்கேதான் வாய் திறந்துவிடுகிறது.

சாவியில்லாமல் பூட்டுத் திறக்கும் இந்தப் பொழுதுபோக்கில் இறங்கியவர்கள் சற்று மரியாதையோடு பேசுவது வட்டுப் பூட்டைப் பற்றித்தான். ஃபின்லாந்தின் அப்லாய், ஜெர்மனியின் அபுஸ் கிரானிட் எல்லாம் இந்த ஜாதி. திண்டுக்கல் பூட்டில் இருப்பவை லீவர்கள். வழக்கமான கதவுப் பூட்டில் இருப்பவை ஸ்பிரிங் தள்ளும் ஊசிகள். வட்டுப் பூட்டில் இரண்டும் கிடையாது. நாணயங்களை அடுக்கியதுபோல வட்டுகள் வரிசையாக இருக்கும். ஒவ்வொரு வட்டின் நடுவிலும் சாவி போக ஒரு துளை, விளிம்பில் ஒரு வெட்டு. ஒரு வட்டு திரும்பும்போது பக்கத்து வட்டை இழுத்துக்கொண்டு போகாமலிருக்க இடையிடையே மெல்லிய வாஷர்கள். வட்டுகளின் விளிம்பை ஒட்டி நீளவாக்கில் ஒரு கம்பி படுத்திருக்கிறது, சைட்பார் என்பார்கள். அதில் பாதி வெளிக்கூட்டில் புதைந்திருப்பதால் உள்ளுருளை சுழல முடியாது. சாவியில் ஒவ்வொரு வட்டுக்கும் எதிரே ஒரு கோணத்தில் சீவியிருக்கும். நிறையச் சீவிய இடத்தில் சாவி தாமதமாகத்தான் வட்டைத் தொடும், ஆகவே அந்த வட்டு கொஞ்சமாகத் திரும்பும். சீவாத இடத்தில் உடனே தொட்டு முழுதாகத் திருப்பும். சாவி கால்வட்டம் திரும்பி முடிக்கும் நேரத்தில், வெவ்வேறு அளவு திரும்பிய எல்லா வட்டுகளின் வெட்டுகளும் ஒரே கோட்டில் வந்து நிற்கும். சைட்பார் அந்தப் பள்ளத்தில் விழ, உருளை விடுபடும். திரும்பி வரும் சாவியே வட்டுகளைப் பழைய இடத்தில் கொண்டுபோய் விட்டுவிடும். ஸ்பிரிங்குக்கு வேலையே இல்லை. பனியிலும் புழுதியிலும் இந்த வகைப் பூட்டு நெடுங்காலம் உழைப்பதற்கு இதுவே காரணம். ஊசிப் பூட்டைத் தட்டிக் குலுக்கித் திறக்கும் குறுக்குவழிகள் இதனிடம் எடுபடாததற்கும் இதுவே காரணம். தட்டினால் துள்ளுவதற்கு உள்ளே ஊசி இல்லை.

இப்போது விளம்பரத்தின் கணக்கைப் பார்ப்போம். அப்லாயின் பழைய வகையில் சாவிச் சீவல்கள் 18 பாகை இடைவெளியில் அமையும். 0 முதல் 90 வரை ஆறு கோணங்கள். ரகசியம் சுமக்கும் வட்டுகள் ஒன்பது என்று வைத்துக்கொண்டால், ஆறை ஒன்பது முறை பெருக்க வேண்டும்: 1,00,77,696. ஒரு கோடிக்கு மேல். நொடிக்கு ஒரு சாவி என்று இரவு பகலாகப் போட்டுப் பார்த்தாலும் முடிக்க நான்கு மாதம் ஆகும். கணக்கில் பிழையில்லை. ஆனால் அதற்குள் சொல்லாமல் விட்ட ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது: தப்பான சாவி போட்டால் பூட்டு 'தப்பு' என்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும், எந்த வட்டில் தப்பு என்று காட்டிக்கொடுக்கவே கூடாது. காட்டிக்கொடுத்துவிட்டால் பெருக்கல் கூட்டலாகிவிடும். வட்டுக்கு அதிகபட்சம் ஆறு நிலை, ஒன்பது வட்டுக்கு 54. அடுத்து எந்த வட்டைத் தொடுவது என்று ஒவ்வொரு சுற்றிலும் தேடும் வேலையைச் சேர்த்தால் ஒன்பதும் எட்டும் ஏழுமாக இன்னொரு 45. ஆக, கோடி என்று சொன்னது நூறுக்குள் அடங்கிவிட்டது.

பூட்டு அதை எப்படிக் காட்டிக்கொடுக்கிறது என்பதில்தான் அழகு இருக்கிறது. திறப்பவரின் கருவியில் இரண்டு பகுதி. ஒன்று முதல் வட்டையோ கடைசி வட்டையோ பிடித்து, உருளையைச் சுழற்றப் பார்ப்பதுபோல லேசாக அழுத்தம் கொடுக்கும். அதற்குள் தனியாகச் சுழலும் இன்னொரு கம்பி, முன்னும் பின்னும் நகர்ந்து வட்டு வட்டாகத் தொட்டுத் திருப்பும். அழுத்தம் வந்ததும் வெளிக்கூடு சைட்பாரை வட்டுகளின் விளிம்பின்மேல் அமுக்குகிறது. இதைச் சாமி புறப்பாடாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே தண்டுக்கு அடியில் ஸ்ரீபாதந்தாங்கிகள் ஒன்பது பேர். எல்லாரும் ஒரே உயரம் என்று நிர்வாகம் சத்தியம் செய்கிறது. ஒரே உயரமாக ஒன்பது பேர் உலகத்தில் ஏது? ஒருவர் மயிரிழை உயரமாக இருப்பார். தண்டு வளையாத மரமென்றால் பாரம் முழுக்க அவர் தோளில்தான். மற்ற எட்டுப் பேரும் தண்டைத் தொட்டுக்கொண்டு முகத்தில் மட்டும் சிரமத்தைக் காட்டியபடி நடப்பார்கள். (ஒருவர் தோளில் மட்டும் தண்டு சாயாமல் நிற்காது, இருவராவது வேண்டும் என்று இயற்பியல் ஆசிரியர்கள் சண்டைக்கு வருவார்கள். சரிதான். பூட்டிலும் சைட்பார் கொஞ்சம் சாயத்தான் செய்கிறது. அந்தச் சாய்வு திறப்பவரைக் குழப்பத்தான் செய்கிறது.) தெருவிளக்கு அணைந்துவிட்டது, முகம் தெரியவில்லை. கவலையில்லை, ஒவ்வொருவர் தோளையும் லேசாக அசைத்துப் பார்த்தால் போதும். எட்டுப் பேர் அசைவார்கள், ஒருவர் அசையமாட்டார். அவரைக் குனியச் சொன்னால் தண்டு ஒரு நூல் இறங்கி அடுத்த உயரக்காரரின் தோளில் உட்காரும். பிறகு அவரைக் கண்டுபிடிக்க வேண்டும். இப்படியே ஒன்பதாமவரும் குனிந்ததும் சாமி தரைக்கு வந்துவிடுவார். சாமியின் எடைதான் திறப்பவர் கொடுக்கும் அழுத்தம். எடை கூடிப்போனால் எல்லார் தோளும் அமுங்கி ஒருவரும் அசையமாட்டார்கள். குறைந்துபோனால் எல்லாரும் அசைவார்கள். இரண்டிலும் சேதி கிடைக்காது. இந்தப் பதத்தைக் கை பிடிப்பதற்குத்தான் அத்தனை மாதமும் போகிறது.

ஆக, திறப்பவர் படிப்பது வடிவமைப்பாளரின் ரகசியத்தை அல்ல, லேத்துக்காரரின் பிழையை. வட்டுகளின் விட்டமோ சைட்பாரின் நேர்மையோ மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு விலகியிருந்தாலே போதும். பாரம் ஒரே வட்டின்மேல் குவியும், அந்த வட்டு இறுகி ஊர் அறியத் தன்னைக் காட்டிக்கொள்ளும். விலகலே இல்லாத பூட்டு இருந்தால் எல்லா வட்டும் ஒரேபோல் இறுகும், கோடியும் கோடியாகவே நிற்கும். அப்படி ஒன்றைச் செய்ய முடியாது. செய்தாலும் சாவி நுழையாது. நகரும் பாகங்கள் நகர்வதற்கு இடைவெளி வேண்டும். விலை கூடிய பூட்டு என்பது, பெரும்பாலும், விலகலைச் சுருக்குவதற்குக் கொடுத்த விலைதான். சுருக்கலாம், ஒழிக்க முடியாது.

இதைத் தெரிந்துகொண்ட பூட்டுக்காரர்கள் மௌனம் முடியாதென்றால் பொய்யாவது சொல்லட்டும் என்று முடிவெடுத்தார்கள். வட்டின் விளிம்பில் உண்மையான வெட்டோடு ஆழமில்லாத பொய் வெட்டுகளையும் போட்டார்கள். அப்படிப்பட்ட வட்டு, பாதி மட்டும் குனிந்துவிட்டு முழுதும் குனிந்ததாகச் சாதிக்கும் தாங்கி. சைட்பார் அதில் கொஞ்சம் இறங்கும். வட்டு சற்றே ஆடும். விரலுக்கு வெற்றிபோலவே தோன்றும். ஒன்பதும் முடிந்த பிறகும் பூட்டு திறக்காதபோதுதான் ஏமாந்தது தெரியும். எது பொய் என்று பிரித்தறிய ஒரு நுட்பம் உண்டு. உண்மை வெட்டில் நிற்கும் வட்டு இரு சுவர்களுக்கிடையே பாரமின்றி ஆடும். பொய் வெட்டில் நிற்கும் வட்டிலோ, வெட்டின் அடித்தளத்தில் சைட்பார் உட்கார்ந்திருக்கும். அந்த வட்டை அங்கிருந்து திருப்பினால் சைட்பார் மேலேறி, அழுத்தம் கொடுக்கும் கை துளியளவு பின்னால் தள்ளப்படும். ஆகப் பொய்யும் ஒரு தகவல்தான். உளறலின் அளவு கூடுகிறதே தவிரக் குறைவதில்லை. இதில் இன்னொரு வேடிக்கை. ஊசிப் பூட்டில் அழுத்தத்தை விட்டால் ஸ்பிரிங்குகள் எல்லா ஊசியையும் பழைய இடத்துக்குத் தள்ளிவிடும், ஆரம்பத்திலிருந்து தொடங்க வேண்டும். வட்டுப் பூட்டில் ஸ்பிரிங் இல்லாததால், கருவி இடறாதவரை, வட்டுகள் விட்ட இடத்திலேயே பெரும்பாலும் நிற்கும். பூட்டின் உழைப்பைக் கூட்டிய அதே குணம், திறப்பவரின் வேலையையும் பத்திரமாகக் காத்துவைக்கிறது.

வரலாறு வேண்டுமென்றால் சுருக்கமாக. லண்டனில் ஜோசப் பிராமா தன் பூட்டைத் திறப்பவருக்கு 200 கினி பரிசு என்று 1790இல் கடை ஜன்னலில் பலகை வைத்தார். 1851இல், உலகக் கண்காட்சிக்கு வந்த அமெரிக்கர் ஏ. சி. ஹாப்ஸ், 16 நாட்களில் பரவிய 51 மணி நேர வேலையில் அதைத் திறந்தார். பொய் வெட்டு அப்போதே பழைய சரக்கு. பிராமா பூட்டிலேயே இருந்தது. வட்டுப் பூட்டை 1907இல் உருவாக்கியவர் ஹெல்சின்கியின் எமில் ஹென்ரிக்சன். கல்லாப்பெட்டி இயந்திரங்களைப் பழுதுபார்த்தவர், அவற்றின் சுழலும் வட்டுகளிலிருந்து யோசனை பிடித்தார் என்பது கம்பெனி சொல்லும் கதை. பூட்டுத் திறப்பை விளையாட்டாகவே வைத்து ஒரு சங்கம் 1997இல் ஹாம்பர்கில் தொடங்கியது.

இதையெல்லாம் பத்திரிகையில் எழுதுவது திருடனுக்குப் பாடம் நடத்துவதாகாதா என்ற ஆட்சேபம் நியாயமானது. 'திருடனுக்கு எல்லாம் தெரியும்' என்று அலட்சியமாகப் பதில் சொல்வது சரியில்லை. 2004இல் அமெரிக்காவில் நடந்ததே எதிர்ச்சாட்சி. கிரிப்டோனைட் கம்பெனியின் சைக்கிள் பூட்டுகளில், குழாய்போன்ற சாவி போகும் வகையை, சாதாரண பிக் பேனாவின் பிளாஸ்டிக் குழாயைத் திணித்தே திறக்கலாம் என்று இணையத்தில் படம் வந்தது. அதைப் பார்த்த யாரும் ஐந்து நிமிடத்தில் செய்ய முடிந்தது. கம்பெனி பூட்டுகளை மாற்றிக் கொடுக்கும்வரை சைக்கிள்காரர்கள் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டுதான் இருந்திருப்பார்கள். ஆகவே பூட்டறிவு எல்லாமே தீங்கற்றது என்று சாதிக்க முடியாது. ஆனால் இரண்டு வகை அறிவைப் பிரித்துப் பார்க்கலாம். பேனாக் குழாய் ஒரு தந்திரம்; சொன்ன கணத்திலேயே கேட்டவர் கைக்கு முழுதாக வந்துவிடும். வட்டின் இறுக்கத்தை விரலால் படிப்பது பழக்கம். மேலே எழுதியதைப் பத்து முறை வாசித்தாலும் ஒரு பூட்டும் திறக்காது, வீணை வாசிப்பது பற்றிய கட்டுரை யாரையும் வைணிகராக்காததுபோல. மாதக்கணக்கில் உட்கார்ந்து பழகும் பொறுமையுள்ளவன், நிமிடத்தில் வேலையை முடிக்கும் கட்டிங் மெஷினை விட்டுவிட்டுத் திருட்டுக்கு இதைத் தேர்ந்தெடுக்கமாட்டான். இன்னொன்றும் உண்டு: அந்தப் பேனா விவகாரத்துக்குப் பிறகு கிரிப்டோனைட் குழாய்ச்சாவியைக் கைவிட்டு வட்டு வகைக்கு மாறியது. அம்பலமானது அந்த மாற்றத்தை விரைவுபடுத்தியது. பொழுதுபோக்காளர்களின் இரண்டு விதிகளும் இதற்கு ஒத்தே வருகின்றன: உங்களுக்குச் சொந்தமில்லாத பூட்டைத் தொடக் கூடாது, உபயோகத்தில் இருக்கும் பூட்டையும் தொடக் கூடாது. இரண்டாவது, ஒழுக்கத்தைவிட அனுபவம் பேசுவது. கருவி சிக்கிக்கொண்டால் வீட்டுக்காரர் வாசலில் நிற்க வேண்டியதுதான்.

இந்த உலோகத் தொல்லையே வேண்டாம், மின்னணுப் பூட்டுக்கு மாறிவிடலாம் என்பது அடுத்த ஆட்சேபம். கைபேசியில் திறக்கும் 'ஸ்மார்ட்' பூட்டு என்ற சொல்லுக்கே பத்தாயிரம் ரூபாய் கொடுப்பவர்கள் உண்டு. 2018இல் டேப்லாக் என்ற கைரேகைப் பூட்டை ஆராய்ந்தவர்கள் கண்டது இது: பூட்டு தன் புளூடூத் முகவரியைச் சுற்றியிருப்போர் எல்லாரும் கேட்கும்படி ஓயாமல் ஒலிபரப்பியது, திறப்பதற்கான ரகசிய எண் கணக்கிடப்பட்டதோ அதே முகவரியிலிருந்து. ஹென்ரிக்சனின் வட்டுகளாவது வற்புறுத்திக் கேட்டால்தான் உளறின.

வட்டுகளின் உளறலுக்கு உருப்படியான பதில் அப்லாயிடமிருந்தே 2001இல் வந்தது. புரோடெக் என்ற வகையில் வட்டுகளைத் திருப்பும் கட்டத்தையும் சைட்பார் அமுக்கும் கட்டத்தையும் பிரித்துவிட்டார்கள். உருளைக்கு அழுத்தம் வரத் தொடங்கும்போது ஓர் அமைப்பு வட்டுகளை இருந்த இடத்திலேயே பிடித்து நிறுத்திவிடும். பாரம் இல்லாதபோது வட்டுகளை எப்படி வேண்டுமானாலும் திருப்பலாம், ஒன்றும் தெரியாது. பாரம் வந்த பிறகு எதையும் அசைத்துப் பார்க்க முடியாது. பொய் சொல்லவைப்பதைவிட இது பல மடங்கு மேலான யோசனை, ஏனென்றால் கேள்வி கேட்கும் வழியையே அடைக்கிறது. ஆனாலும் வட்டுகள் பிடிபடும் கணமும் சைட்பார் முதன்முதலாக விளிம்பைத் தொடும் கணமும் எல்லாப் பூட்டிலும் அச்சொட்டாக ஒன்றாக அமைவதில்லை. அந்தப் பாகங்களும் இயந்திரத்தில் கடைந்தவை, அவற்றுக்கும் நூறில் சில பங்கு விலகல் உண்டு. புரோடெக்கோடு உட்காரும் பொழுதுபோக்காளர் தேடுவது அந்த இரண்டு கணங்களுக்கும் இடையே உள்ள இடுக்கைத்தான்.