படகின் பின்பலகை

புதுக்கோட்டை மாவட்டத்தின் கடற்கரை ஏறத்தாழ 42 கிலோமீட்டர் நீளமுடையது. அதன் வடபகுதியில், கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி அமைந்த மீனவர் ஊர் கட்டுமாவடி. அவ்வூரின் கிழக்கே விரிந்து கிடக்கும் பாக் விரிகுடா ஆழம் குறைந்தது. வங்கக் கடலைப் போல் பேரலை வீசாதது. நண்டும் இறாலும் மீனும் நாடி இக்கடலுள் நாள்தோறும் சிறு படகுகள் செல்கின்றன. முன்னாளில் அவை யாவும் மரத்தால் ஆனவை. இன்றோ பெரும்பாலானவை கண்ணாடி நாரிழையால் ஆனவை. ஃபைபர் படகு என்பது மக்கள் வழங்கும் பெயர்.

கண்ணாடியை நூலினும் மெல்லிய இழைகளாக இழுத்து, அவ்விழைகளைப் பாயாகப் பரப்பி, பிசின் ஊட்டி இறுகச் செய்து படகு கட்டும் முறை 1940களில் அமெரிக்காவில் தோன்றியது. ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனம் 1979ஆம் ஆண்டில் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு வங்காள விரிகுடாத் திட்டத்தைத் தொடங்கியது. அத்திட்டத்தார் இத்தகைய சிறு படகுகளை வடிவமைத்துக் கடலில் ஓட்டிச் சோதித்தனர். 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை எண்ணற்ற கலங்களை அழித்த பின்னர், தமிழகக் கடற்கரையெங்கும் ஃபைபர் படகுகள் பெருகின. மர வள்ளங்களைத் துளைத்துத் தின்னும் கப்பற்புழு இவற்றைத் தீண்டுவதில்லை. ஆதலின் இவற்றிற்கு அழிவே இல்லை என்று பலர் எண்ணினர்.

ஆனால் ஃபைபர் படகு முழுவதும் ஃபைபர் அன்று. படகின் முன்பகுதியை அணியம் என்றும், பின்பகுதியை அமரம் என்றும் கூறுவர். அமரத்தில் சுவர்போல் குறுக்கே நின்று படகை மூடுவது பின்பலகை. வெளிப்புறம் மாட்டும் எந்திரத்தைத் தாங்குவது இதுவே. பல படகுகளில் பின்பலகையின் உள்ளீடு ஒட்டுப்பலகையே ஆகும். அதன் இருபுறமும் ஃபைபர் தோல் போர்த்தப்பட்டிருக்கும். மெல்லிய அட்டை ஒன்றை வளைத்தல் எளிது. இரண்டு அட்டைகளுக்கு இடையே ஒரு கட்டையை வைத்து ஒட்டிவிட்டால் வளைத்தல் அரிது. பின்பலகையின் வலிமைக்கு இதுவே காரணம்.

அவ்வலிமை மிகவும் வேண்டப்படுவது. சிறிய எந்திரமே ஏறத்தாழ 40 கிலோ எடையுடையது. எந்திரத்தின் சுழலி நீருக்குள் கீழே சுழல்கிறது. எந்திரத்தைப் பற்றிய திருகுகளோ மேலே உள்ளன. ஆதலால் எந்திரம் ஓடும்போது அதன் கீழ்ப்பகுதி பலகையை உள்நோக்கி அழுத்த, மேற்பகுதி வெளிநோக்கி இழுக்கிறது. ஒவ்வோர் அலையின் குலுக்கலும் இந்த நெம்புதலை மிகுவிக்கிறது. உள்ளிருக்கும் மரம் மக்கிவிட்டால் எஞ்சுவன இரண்டு மெல்லிய தோல்களே.

மரம் மக்குவதற்குக் கடல்நீரே காரணம் என்பது பொதுவான எண்ணம். உண்மை வேறு. மரத்தை மக்கச் செய்வது ஒருவகைப் பூஞ்சை. அதற்கு ஈரமும் காற்றும் வெப்பமும் தேவை. உப்பு மிகுந்த இடத்தில் அது எளிதில் தழைப்பதில்லை. அதற்கு உகந்தது மழைநீர். வடகிழக்குப் பருவக்காற்றின் காலத்தில் கடலுக்குச் செல்லாது நிற்கும் படகின் அடியில் மழைநீர் தேங்குகிறது. எந்திரத்தின் திருகாணித் துளை, நீர்வடி துளை, விளிம்பின் சிறு வெடிப்பு ஆகியவற்றின் வழியே அந்நீர் பலகையுள் கசிகிறது. புகுந்த நீர் வெளியேற வழியில்லை. மழையைத் தடுக்க அமைந்த ஃபைபர் தோலே ஈரத்தைப் பூட்டிவைக்கும் பேழையாகிவிடுகிறது. வெளியே வண்ணம் பளபளக்க, உள்ளே மரம் கரிய சேறாகிறது.

இக்கேட்டினை அறிய அனுபவமுள்ள வினைஞர்கள் சிறு சுத்தியலால் பலகை முழுவதையும் தட்டிப் பார்க்கின்றனர். நல்ல மரம் கணீரென ஒலிக்கும். மக்கிய மரம் மந்தமாக ஒலிக்கும். ஐயமுள்ள இடத்தில் சிறு துளையிட்டால், உலர்ந்த வெண்ணிறத் தூள் வருமாயின் அச்சமில்லை. ஈரமான கருநிறத் தூள் வருமாயின் பலகை போயிற்று.

அந்நிலையில் சிலர் துளைவழியே பிசினை ஊற்றி அடைத்துவிடுகின்றனர். இது புரையோடிய பல்லின்மேல் பொன் பூசுவதை ஒக்கும். பாதிக் கடலில் பின்பலகை பிளந்தால் எந்திரம் நீரில் வீழும். பிளவின் வழியே கடல் படகினுள் புகும். அமிழாது தப்பிய படகும் காற்று செலுத்திய திசையிலேயே செல்லும். இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையே 1974ஆம் ஆண்டு உடன்படிக்கையால் வகுக்கப்பட்ட எல்லை இக்கடலின் ஊடே செல்கிறது. எல்லை கடந்தது மனிதன் விருப்பமன்று, மக்கிய பலகையின் செயல் என்று அங்கே மெய்ப்பித்தல் எளிதன்று.

முறையான பழுதுபார்த்தலில் முதலில் எந்திரத்தை இறக்கி, படகை அசையாமல் முட்டுக் கொடுத்து நிறுத்துகின்றனர். பின்பலகையின் வெளித்தோலை அப்படியே விட்டு, உள்தோலை மட்டும் ஓரத்தில் இரண்டு அங்குலம் விட்டு அறுத்தெடுக்கின்றனர். பின்னர் மக்கிய மரத்தை உளியால் சுரண்டி நீக்குகின்றனர். பொறுமையைச் சோதிக்கும் பகுதி இதுவே. மூலையில் ஒரு பிடி ஈரமரம் எஞ்சினாலும் புதுப்பலகைக்கு அதுவே நோயின் வித்தாகும். எல்லாம் நீங்கிய பின் வெளித்தோலை நன்றாக உலரவைத்து, உப்புத்தாளால் தேய்த்துச் சொரசொரப்பாக்குகின்றனர்.

அட்டையில் அளவு வெட்டி, அவ்வளவுக்குப் புதிய பலகையை அறுக்கின்றனர். ஐ.எஸ். 710 என்னும் இந்தியத் தரக்குறி பெற்ற கடல்சார் ஒட்டுப்பலகையே இதற்கு ஏற்றது. இரண்டு மூன்று பலகைகளைப் பிசினால் ஒன்றாக்கிப் பழைய கனத்தை அடையலாம். பலகையின் எல்லாப் பக்கங்களிலும், சிறப்பாக அறுபட்ட ஓரங்களிலும், பிசின் பூசுதல் இன்றியமையாதது. மரம் நீரைப் பெரிதும் பருகுவது அவ்வோரங்களின் வழியேயாம். அதன்பின் கெட்டியான பிசின் குழம்பைத் தடவிப் பலகையை வெளித்தோலுடன் அழுத்தி இறுக்குகின்றனர். இடையில் காற்றுக்குமிழி தங்கலாகாது. மூலைகளைக் குழம்பால் வளைவாக நிரப்பி, அதன்மேல் நாரிழைப் பாயையும் நெய்த நாரிழைத் துணியையும் மாறிமாறிப் பரப்பிப் பிசின் ஊட்டுகின்றனர். பழைய தோலின் விளிம்பைச் சரிவாகத் தேய்த்து, புதிய அடுக்குகளை அதன்மேல் ஏறச் செய்தால்தான் இரண்டும் ஒன்றுபடும்.

ரெசின் எனப்படும் பிசினைக் கையாளுவதில் விழிப்பு வேண்டும். பாலியெஸ்டர் பிசினில் முடுக்கியை முதலில் கலந்து, அது முழுதும் பரவிய பின்னரே ஊக்கியைச் சேர்க்க வேண்டும். முடுக்கியையும் ஊக்கியையும் நேரே ஒன்றோடொன்று கலந்தால் தீப்பற்றும், வெடிக்கவும் கூடும். கடும் வெயிலில் பிசின் கலத்திலேயே இறுகிவிடும் என்பதால் காலை வேளையே வேலைக்கு உகந்தது. மழை ஈரத்தில் செய்த ஒட்டோ உறுதியற்றது. ஃபைபர் தூள் மூச்சுக்குழாய்க்கும் கண்ணுக்கும் தீங்கானது. முகமூடியும் கண்ணாடியும் கையுறையும் இன்றி அறுப்பு வேலையில் இறங்குதல் துணிவன்று, அறியாமையே.

இறுதியில் திருகாணித் துளைகள். பெரும்பாலான பலகைகள் கெடத் தொடங்குவது இவ்விடத்தில்தான். வேண்டிய அளவினும் பெரிய துளையிட்டு, அதனை எப்பாக்சிப் பிசினால் முழுதும் நிரப்பி, அது இறுகிய பின் அதன் நடுவே திருகாணிக்கு உரிய துளையை இடுகின்றனர். அதனால் திருகாணியை அடுத்து நிற்பது பிசினே. மரத்தை நீர் தொடுவதில்லை. பல நாள் உலர்ந்த பின்பே எந்திரம் மாட்டப்படுகிறது. மழைக்காலத்தில் கரையேற்றிய படகின் அணியத்தைச் சிறிது உயர்த்தி, அமரத்திலுள்ள நீர்வடி துளையின் அடைப்பைக் கழற்றி வைக்கின்றனர். இரவெல்லாம் பெய்த மழை விடியுமுன் அவ்வழியே வடிந்துவிடுகிறது.