ஒத்திவைத்த வாக்கெடுப்பும் பிரிந்த மாகாணமும்

வடக்கையும் கிழக்கையும் ஒரே நிர்வாக அலகாக்கியது 1988 செப்டெம்பரில் வெளியான ஜனாதிபதிப் பிரகடனம். திருகோணமலை அதன் தலைநகரானது. 18 ஆண்டுகள் கழித்து, 2006 ஒக்டோபர் 16 அன்று, அந்த இணைப்பே செல்லாது என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவசரத்தில் எடுக்கும் முடிவு பிற்காலத்துக்கு எப்படிப் பழக்கமாகிறது, அந்தப் பழக்கம் யாரைத் தாக்குகிறது என்பதற்கு இலங்கையில் இதைவிடத் தெளிவான வழக்கு அரிது.

1987 ஜூலை 29 இல் கையெழுத்தான இந்திய–இலங்கை ஒப்பந்தம் இரு மாகாணங்களையும் தற்காலிகமாக இணைக்க வழிவிட்டது. அதே ஆண்டின் மாகாண சபைகள் சட்டம், 37 ஆம் பிரிவில் இரண்டு நிபந்தனைகளை வைத்தது. ஆயுதங்கள் ஒப்படைக்கப்பட வேண்டும். மோதல்கள் நின்றிருக்க வேண்டும். இரண்டும் நடக்கவில்லை. அப்போது ஜனாதிபதி ஜே. ஆர். ஜெயவர்தன, பொதுமக்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அவசரகால ஒழுங்குவிதி ஒன்றை வெளியிட்டு, அந்த நிபந்தனைகளைத் தளர்த்திவிட்டு இணைப்பைப் பிரகடனம் செய்தார்.

இதில் வியப்பு ஒன்று உண்டு. 1977 தேர்தலில் 168 ஆசனங்களில் 140 ஐ வென்ற கட்சி அவருடையது. சட்டத்தை நாடாளுமன்றத்தில் திருத்துவதற்கு எந்தத் தடையும் இருக்கவில்லை. ஆனாலும் குறுக்கு வழியே தெரிவானது. அந்த நாடாளுமன்றமே 1983 இல் கலைய வேண்டியது. 1982 டிசம்பர் 22 இல் நடந்த சர்வஜன வாக்கெடுப்பின் மூலம் தன் ஆயுளை ஆறு ஆண்டுகள் நீட்டிக்கொண்டது. தேர்தலைத் தள்ளிவைத்துப் பழகிய கைகளுக்கு ஒழுங்குவிதியால் சட்டத்தை மாற்றுவது பெரிய விடயமாகத் தோன்றியிருக்காது.

இணைப்பைக் கிழக்கு மக்கள் ஏற்கிறார்களா என்று 1988 டிசம்பர் 31 க்குள் வாக்கெடுப்பு நடத்த வேண்டும் என்றும், ஜனாதிபதி விரும்பினால் அதை ஒத்திவைக்கலாம் என்றும் சட்டம் சொன்னது. ஒத்திவைக்கலாம் என்ற சொல்லே போதுமானதாயிற்று. ஜெயவர்தனவும் அவருக்குப் பின் வந்தவர்களும் திரும்பத் திரும்ப ஒத்திவைத்தார்கள். திருகோணமலையில் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் அருகருகே வாழ்கிறார்கள். இணைப்பைப் பற்றி மூவருக்கும் வெவ்வேறு நம்பிக்கை, வெவ்வேறு அச்சம். அவர்களிடம் ஒருமுறைகூடக் கேட்கப்படவில்லை.

2006 இல் பிரதம நீதியரசர் சரத் என். சில்வா தலைமையிலான ஆயம், நாடாளுமன்றம் விதித்த நிபந்தனையை அவசரகால ஒழுங்குவிதியால் மாற்ற முடியாது என்றது. சட்ட நோக்கில் இதை மறுப்பது கடினம். நிறைவேற்று அதிகாரத்துக்குக் கடிவாளம் போட்ட தீர்ப்பு அது. ஆனால் இணைப்பைத் தம் அரசியலின் அடித்தளமாகக் கருதிய தமிழர்களுக்கு அது இழப்பு. அவர்களுக்குச் சாதகமாகத் தோன்றிய முடிவு, கேள்வி கேட்டால் நிற்காத அத்திவாரத்தில் எழுப்பப்பட்டிருந்தது. 2007 ஜனவரி முதல் இரு மாகாணங்களும் பிரிந்தன. திருகோணமலை கிழக்கின் தலைநகராக மட்டும் மிஞ்சியது.

இந்தியாவிலும் இப்படியொரு வரலாறு உண்டு. நெருக்கடிநிலையின்போது, தடுப்புக்காவலில் இருப்பவர் நீதிமன்றத்தை நாட முடியாது என்று 1976 இல் அங்குள்ள உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அது பிழை என்று அதே நீதிமன்றம் வெளிப்படையாகக் கூறி நீக்கியது 2017 இல்தான். தவறான முன்னுதாரணம் புத்தகத்தில் 41 ஆண்டுகள் இருந்தது.

இலங்கையில் ஒத்திவைக்கும் பழக்கம் இன்னும் விடவில்லை. 2023 மார்ச்சில் நடக்கவிருந்த உள்ளூராட்சித் தேர்தல் பணமில்லை என்ற காரணத்தால் தள்ளிப்போனது. அது அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றம் 2024 ஓகஸ்டில் தீர்ப்பளித்தது. தேர்தல் 2025 மே 6 இல் நடந்தது. மாகாண சபைகளுக்கோ அந்த வாய்ப்பும் கிட்டவில்லை. 2017 இல் தேர்தல் முறை மாற்றப்பட்டது. அதற்கான எல்லை நிர்ணய அறிக்கையை நாடாளுமன்றம் 2018 இல் நிராகரித்தது. கிழக்கு மாகாண சபையின் பதவிக்காலம் 2017 செப்டெம்பரில் முடிந்தது. அதன்பின் எட்டு ஆண்டுகள் கடந்தும் தேர்தல் நடக்கவில்லை. திருகோணமலையிலிருந்து மாகாணத்தை நிர்வகிப்பவர் ஜனாதிபதி நியமித்த ஆளுநர்.