சிலந்திப் பட்டும் பங்குச் சந்தையும்: புழு ஜெயித்தால் பணம் வந்துவிடுமா?

மல்பெரி போட்டவருக்குத் தெரியும். தோட்டத்தில் இலை செழித்து நிற்பது ஒரு விஷயம். புழு நோயில்லாமல் கூடு கட்டுவது இன்னொரு விஷயம். அந்தக் கூடு அங்காடியில் நல்ல விலைக்குப் போவது மூன்றாவது விஷயம். இலை நன்றாக இருந்தும் புழு சுண்ணாம்புக் கட்டி நோயில் போன போகம் உண்டு. கூடு அருமையாக அமைந்தும் விலை விழுந்த போகமும் உண்டு. இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்கப் பழகியவர்கள்தான் பட்டு வளர்ப்பில் நிலைத்து நிற்கிறார்கள்.

சிலந்திப் பட்டு நிறுவனங்களின் பங்குகளை வாங்கிவிட்டுக் காத்திருக்கும் சிறு முதலீட்டாளர்கள் பலர் பிரித்துப் பார்க்கத் தவறியது இதைத்தான். தொழில்நுட்பம் உண்மை. ஆகவே பங்கு விலை ஏறியே தீரும் என்பது அவர்கள் கணக்கு.

இது எங்கோ அமெரிக்காவில் நடக்கும் கதை என்று ஒதுக்கிவிட முடியாது. தமிழகப் பட்டு வளர்ச்சித் துறையின் இயக்குநரகம் இருப்பதே சேலத்தில்தான். சேலம், நாமக்கல் மாவட்டங்களில் மரவள்ளியையும் கரும்பையும் குறைத்துக்கொண்டு மல்பெரிக்கு மாறியவர்கள் இருக்கிறார்கள். செல்போனிலேயே டீமேட் கணக்கு திறக்கும் வசதி வந்தபின் பங்குச் சந்தை கிராமத்துத் திண்ணைக்கும் வந்துவிட்டது. பட்டு தெரிந்தவருக்குப் பட்டு நிறுவனப் பங்கு என்றால் கூடுதல் நம்பிக்கை வருவது இயல்பு. அதனால் இந்தக் கதையை முழுதாகத் தெரிந்துகொள்வது நல்லது.

சிலந்தியை ஏன் வளர்க்க முடியாது?

சிலந்தி தொங்கி இறங்கும் இழை, அதே எடையுள்ள எஃகைவிட உறுதியானது. இழுத்தால் நீளவும் செய்யும். ஆனால் பட்டுப்புழுவைப் போலத் தட்டிலோ அடுக்கிலோ சிலந்தியை நெருக்கி வளர்க்க முடியாது. ஒன்றை ஒன்று தின்றுவிடும். மடகாஸ்கர் தீவில் காட்டுச் சிலந்திகளைப் பிடித்து, இழையை எடுத்துவிட்டு மீண்டும் விட்டு, ஒரு பொன்னிறத் துணி நெய்தார்கள். 2009-ல் நியூயார்க் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் அது காட்சிக்கு வந்தது. அந்த ஒரே துணிக்குத் தேவைப்பட்டவை 10 லட்சத்துக்கும் மேற்பட்ட சிலந்திகள்.

எனவே விஞ்ஞானிகள் வேறு வழி தேடினார்கள். சிலந்தியின் மரபணுவை ஆடு, ஈஸ்ட், பாக்டீரியா என்று பலவற்றில் புகுத்திப் பார்த்தார்கள். அவற்றில் பட்டு விவசாயிக்கு நெருக்கமானது, அந்த மரபணுவைப் பட்டுப்புழுவிலேயே புகுத்தும் முறை. புழு வழக்கம்போல மல்பெரி இலையைத் தின்னும், வழக்கம்போலக் கூடு கட்டும். நூலில் மட்டும் சிலந்திப் புரதம் கலந்திருக்கும்.

புழுவும் உண்மை, காத்திருப்பும் உண்மை

இந்த வழியில் இறங்கிய நிறுவனம் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தைச் சேர்ந்த கிரெய்க் பயோகிராஃப்ட் லேபரட்டரீஸ். 2006-ல் தொடங்கப்பட்டது. நோட்ர டேம் பல்கலைக்கழக விஞ்ஞானிகளுடன் சேர்ந்து, சிலந்திப் புரதம் கலந்த பட்டை நூற்கும் புழுவை உருவாக்கிவிட்டதாக 2010-ல் அறிவித்தது. 2012 ஜனவரியில் அந்த ஆய்வு அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் ஆய்விதழில் வெளியானது. அந்த இழை சாதாரணப் பட்டைவிட உறுதியானது என்று ஆய்வு காட்டியது. ஆக, புழு பொய்யில்லை.

2016-ல் அமெரிக்க ராணுவத்தின் சிறிய ஆய்வு ஒப்பந்தம் ஒன்று கிடைத்தது. அடுத்த ஆண்டு அதன் மதிப்பு சுமார் 10 லட்சம் டாலராக உயர்ந்தது. 2018-ல் வியட்நாமின் குவாங் நாம் மாகாணத்தில் புழு வளர்க்க அனுமதி கிடைத்து, மறு ஆண்டே வேலை தொடங்கியது. ஒவ்வொரு அறிவிப்பும் பங்கு வைத்திருப்பவர்களுக்குத் தீபாவளிதான். "இந்த வருஷம் உற்பத்தி, அடுத்த வருஷம் லாபம்" என்று பேசிக்கொண்டார்கள். விலை ஏறினால், "சொன்னோமே" என்றார்கள். இறங்கினால், "மலிவாகக் கிடைக்கிறது, இன்னும் வாங்கிச் சராசரியைக் குறைக்கலாம்" என்றார்கள். எது நடந்தாலும் நம்பிக்கை மட்டும் குறையவில்லை.

அதே காலத்தில் அந்த நிறுவனத்தின் ஆண்டறிக்கைகள் வேறொன்றையும் சொல்லி வந்தன. விற்பனை வருமானம் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. நிறுவனம் தொடர்ந்து இயங்க முடியுமா என்பதில் பெரும் ஐயம் உண்டு என்று அறிக்கையிலேயே எழுதியிருந்தார்கள். யாரும் எதையும் மறைக்கவில்லை. அறிவிப்பை வரிவிடாமல் படித்தவர்களில் பலர் ஆண்டறிக்கையைப் புரட்டவில்லை.

நாமக்கல் கோழிப் பண்ணையாளருக்கு இது புதிதல்ல. முட்டைக்கு அறிவிக்கப்படும் விலை ஒன்று. வியாபாரி "மைனஸ்" போட்டுக் கையில் தரும் விலை வேறு. பண்ணை நடப்பது கைக்கு வரும் விலையில்தான்.

முன்னே போனவர்கள் என்ன ஆனார்கள்?

கனடாவின் நெக்ஸியா நிறுவனம் சிலந்தி மரபணு புகுத்திய வெள்ளாடுகளை உருவாக்கியது. ஆட்டுப்பாலிலிருந்து சிலந்திப் புரதத்தைப் பிரித்து நூலாக்குவது திட்டம். 2000-ம் ஆண்டு இறுதியில் டொரோண்டோ பங்குச் சந்தையில் பங்குகளை வெளியிட்டுப் பணம் திரட்டியது. 2002-ல் அதன் ஆய்வு 'சயின்ஸ்' இதழிலேயே வந்தது. ஆனால் போதுமான உறுதியுள்ள நூலைக் கட்டுப்படியாகும் விலையில் தர முடியவில்லை. திட்டம் கைவிடப்பட்டது. ஆடு உண்மை, பாலில் புரதமும் உண்மை. பங்கு வாங்கியவர்கள் எதிர்பார்த்த நூல்தான் சந்தைக்கு வரவில்லை.

ஈஸ்ட் மூலம் பட்டுப் புரதம் தயாரித்த அமெரிக்காவின் போல்ட் நிறுவனம், 2017-ல் கழுத்துப்பட்டைகள் செய்து விற்றுப் பேர் வாங்கியது. பின்னர் துணியைவிட அழகுசாதனப் பொருள்களுக்கான பட்டுப் புரதத்தில் கவனம் செலுத்தியது. 2024 ஆகஸ்டில் நாஸ்டாக் சந்தையில் அதன் பங்கு பட்டியலானது. சில மாதங்களிலேயே விலை ஒரு டாலருக்கும் கீழே இறங்கியது.

ஆராய்ச்சி மட்டும் நிற்கவில்லை. 2023-ல் சீன விஞ்ஞானிகள் மரபணுத் திருத்த முறையில் முழுமையான சிலந்திப் புரத இழையைப் பட்டுப்புழுவிடமிருந்தே பெற்றார்கள். நாளை சிலந்திப் பட்டு சந்தைக்கு வரலாம். அப்போதும் அது இன்று நாம் பங்கு வாங்கிய நிறுவனத்தின் வழியாகத்தான் வரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

நம் நோட்டுப் புத்தகக் கணக்கு

ஒரு நிறுவனப் பங்கு மலிவா, விலை அதிகமா என்று பார்க்கப் பட்டு விவசாயிக்குப் பெரிய படிப்பு தேவையில்லை. போகத்துக்குப் போகம் எழுதும் நோட்டுப் புத்தகமே போதும்.

கிரெய்க் நிறுவனத்தின் பங்குகள் 80 கோடிக்கும் மேல். ஒரு பங்கு 10 சென்ட் என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். கேட்கக் கொசுறு விலைதான். ஆனால் மொத்த மதிப்பு 8 கோடி டாலர். அவ்வளவு பணத்துக்கு ஆண்டுக்கு 10 சதவீதமாவது லாபம் வேண்டுமென்றால், 80 லட்சம் டாலர் சம்பாதிக்க வேண்டும்.

ஒரு கிலோ சிலந்திப் பட்டில் 100 டாலர் லாபம் நிற்கும் என்று தாராளமாகவே வைப்போம். சாதாரணக் கச்சாப் பட்டின் முழு விலையைவிட இது அதிகம். அப்படியும் ஆண்டுக்கு 80,000 கிலோ பட்டு நூல் விற்றாக வேண்டும். ஒரு கிலோ நூலுக்கு 7 கிலோ கூடு என்றால் 5,60,000 கிலோ கூடு. 100 முட்டைத் தொகுதிக்கு 70 கிலோ என்றால் 8 லட்சம் முட்டைத் தொகுதிகள். இரண்டு ஏக்கர் மல்பெரி வைத்து, போகத்துக்கு 200 தொகுதி வீதம் ஆண்டுக்கு 8 போகம் எடுக்கும் விவசாயிகள் 500 பேர் வேண்டும்.

500 விவசாயிகள் என்பது நடக்காத காரியமல்ல. ஆனால் அந்த 500 பேர் இருக்கிறார்களா, அத்தனை கூடு வந்ததா, நூலை வாங்கியவர் யார், என்ன விலை கொடுத்தார் என்ற நான்கு கேள்விகளுக்கு ஆண்டறிக்கையில் விடை இருக்க வேண்டும். இல்லையென்றால் அந்தப் பங்கின் விலை இன்னும் விளையாத கூட்டுக்குக் கொடுக்கும் விலை.

பங்கு கூடினால் பாகம் குறையும்

வருமானம் இல்லாத நிறுவனம் சம்பளத்தையும் ஆராய்ச்சிச் செலவையும் எப்படிச் சமாளிக்கிறது? பெரும்பாலும் புதிய பங்குகளை வெளியிட்டுத்தான். நான்கு அண்ணன் தம்பிகளுக்கு ஒரு ஏக்கர் என்றால் ஆளுக்கு 25 சென்ட் நிலம். பட்டாவில் இன்னும் நான்கு பேரைச் சேர்த்தால் ஆளுக்குப் பன்னிரண்டரை சென்ட். நிலம் சுருங்கவில்லை, நம் பாகம் சுருங்கிவிட்டது. பங்கிலும் இதுதான் நடக்கிறது. ஐந்தாண்டுக்கு முன் மொத்தம் எத்தனை பங்குகள், இப்போது எத்தனை என்று பார்த்தாலே பாதி உண்மை தெரிந்துவிடும்.

தேக்கும் ஈமுவும் கற்றுத் தந்தவை

கொங்கு மண்ணுக்கு இந்த ஆசை புதிதல்ல. 1990-களில் தேக்கு மரத் திட்டங்களில் ஊரெல்லாம் பணம் போட்டது. சென்னையைச் சேர்ந்த அனுபவ் பிளாண்டேஷன்ஸ் 1998-ல் முடங்கியது. அதன்பின் 1999-ல் இத்தகைய கூட்டு முதலீட்டுத் திட்டங்களுக்கு செபி தனி விதிமுறை கொண்டு வந்தது.

அடுத்து ஈமு. பெருந்துறையில் சுசி ஈமு பண்ணை 2012 ஆகஸ்டில் சரிந்தது. குஞ்சு, கொட்டகை, தீவனம், மாதந்தோறும் பணம், ஆண்டு போனஸ் என்று வாக்குறுதிகள் அடுக்கடுக்காக இருந்தன. ஈமு இறைச்சியையும் எண்ணெயையும் யார் எவ்வளவு வாங்குகிறார்கள் என்று கேட்டவர்கள் குறைவு. கடைசியில் பட்டினி கிடந்த பறவைகளுக்கு அரசே தீவனம் போட வேண்டி வந்தது.

ஈமு திட்டமும் பட்டியலிட்ட பங்கும் ஒன்றல்ல. டெபாசிட் வாங்கி ஏமாற்றினால், தமிழ்நாடு முதலீட்டாளர் நலப் பாதுகாப்புச் சட்டம் 1997-ன்படி பொருளாதாரக் குற்றப்பிரிவில் புகார் தரலாம். நேர்மையாக நடக்கும் நிறுவனத்தின் பங்கு விலை விழுந்தால் புகார் தர இடமே இல்லை. நட்டம் முழுக்க வாங்கியவருடையது. இரண்டுக்கும் பொதுவானது ஒன்றுதான். பொருளை வாங்குபவர் யார் என்று கேட்காமல், பொருளின் அதிசயத்தைப் பார்த்துப் பணம் போட்டது.

விவசாயிகள் கேட்கும் கேள்விகள்

கேள்வி: சிலந்திப் பட்டுப் புழு முட்டை நம் ஊரில் கிடைக்குமா? வளர்க்கலாமா?

பதில்: இப்போது முடியாது. மரபணு மாற்றிய உயிரினம் எதுவானாலும், 1989-ம் ஆண்டு விதிகளின்படி மத்திய அரசின் மரபணுப் பொறியியல் மதிப்பீட்டுக் குழுவின் ஒப்புதல் வேண்டும். பட்டுப்புழு முட்டையையும் பதிவு பெற்ற உற்பத்தியாளர்களிடமிருந்தே வாங்க வேண்டும். ஜப்பானில் 2017-ல் குன்மா பகுதி விவசாயிகள் ஒளிரும் பட்டு தரும் மரபணு மாற்றுப் புழுவை வளர்க்கத் தொடங்கினார்கள். அதுவும் அரசு அனுமதியுடன்தான். "வெளிநாட்டு முட்டை தருகிறோம், கூட்டை நாங்களே வாங்கிக்கொள்கிறோம், முன்பணம் கட்டுங்கள்" என்று யாராவது வந்தால், பணம் கட்டும் முன் பட்டு வளர்ச்சித் துறை அலுவலகத்தில் விசாரியுங்கள்.

கேள்வி: வெளிநாட்டுப் பங்கை இங்கிருந்து வாங்குவது சட்டப்படி சரியா?

பதில்: ரிசர்வ் வங்கியின் திட்டப்படி ஒருவர் நிதியாண்டுக்கு 2.5 லட்சம் டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்பி முதலீடு செய்யலாம். வருமான வரிக் கணக்கில் அந்தப் பங்குகளைக் காட்டுவது கட்டாயம். கிரெய்க் போன்ற பங்குகள் பெரிய சந்தைகளில் இல்லாமல், ஓ.டி.சி. என்னும் கட்டுப்பாடு குறைந்த சந்தையில் நீண்டகாலமாகக் கைமாறி வருபவை. அங்கே விற்க நினைக்கும்போது வாங்க ஆள் கிடைப்பது எளிதல்ல.

கேள்வி: அப்படியானால் பங்கே வாங்கக் கூடாதா?

பதில்: வாங்கலாம். போனால் போகட்டும் என்று விடக்கூடிய பணம் மட்டும் அதில் இருக்கட்டும். போர்வெல்லுக்கு வைத்த பணம், பிள்ளைகளின் கல்லூரிக் கட்டணம், நகை அடகு வைத்த பணம், கூட்டுறவுச் சங்கப் பயிர்க்கடன் ஆகியவற்றைத் தொடக் கூடாது. ஆலோசனை சொல்பவர் செபியில் பதிவு பெற்றவரா என்று பதிவு எண்ணைக் கேட்டுச் சரிபாருங்கள்.

உபரிப் பணத்தைப் பட்டில்தான் போட வேண்டும் என்றால், முதலில் தன் புழு வளர்ப்பு மனையைப் பாருங்கள். நல்ல காற்றோட்டம், ஊசி ஈ நுழையாத வலை, போகத்துக்குப் போகம் முறையான கிருமி நீக்கம், வறட்சியிலும் இலை தரும் சொட்டுநீர்ப் பாசனம். இவற்றில் போட்ட பணம் வருமா என்பது அடுத்த போகத்துக் கூட்டை எடை போடும்போதே தெரிந்துவிடும்.