பட்டியல் இல்லாத சீசன்

கால்பந்து சீசன் என்றதும் நம் மனசில் வந்து நிற்பது ஒரு பட்டியல். இத்தனை ஆட்டம், இத்தனை வெற்றி, இத்தனை புள்ளி, கடைசியில் மேலே நிற்பவருக்குப் பரிசு. ஐஎஸ்எல் பார்க்கும் பிள்ளைகளும் இதைத்தான் சொல்வார்கள், ராத்திரி கண் விழித்து இங்கிலாந்து ஆட்டம் பார்ப்பவர்களும் இதைத்தான் சொல்வார்கள். விக்டோரியா மகாராணி காலத்தில் ஒரு கிளப்பின் வருஷம் எப்படிப் போனது என்று பார்க்க வேண்டுமானால், இந்தப் பட்டியலை முதலில் ஓரமாக எடுத்து வைத்துவிடுவோம். டீயைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள், மெதுவாகவே போகலாம்.

மகாராணி ஆண்டது 1837 முதல் 1901 வரை. பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கத்து ஆட்கள் பர்மாவுக்குக் கொண்டு விக்கப் போகத் தொடங்கிய காலமும் அதுதான். லண்டனில் கால்பந்துச் சங்கம் கூடி விதிகளை எழுதியது 1863இல். அந்தச் சங்கத்தின் எஃப்.ஏ. கோப்பை 1871இல் வந்தது. லீக் வந்ததோ 1888இல். அதுவரை 25 வருஷம் கிளப்புகள் எப்படிக் காலம் தள்ளின? கடிதம் எழுதித்தான்.

கிளப்புக்கு ஒரு செயலாளர் இருப்பார். சீசனுக்கு முன்பே உட்கார்ந்து மற்ற கிளப்புகளுக்கு எழுதுவார்: அக்டோபரில் ஒரு சனிக்கிழமை நீங்கள் எங்கள் ஊருக்கு வாருங்கள், ஜனவரியில் நாங்கள் உங்கள் ஊருக்கு வருகிறோம். நம் மொய் நோட்டு மாதிரிதான் இது. அவர்கள் வீட்டு விசேஷத்துக்கு நாம் போனோமா, நம் வீட்டுக்கு அவர்கள் வந்தார்களா என்று கணக்கு இருக்கும். ஆனால் மொய் எழுதியவர்களில் யார் முதலிடம் என்று யாரும் வரிசை போட மாட்டார்கள். கிளப்பின் சீசனும் அப்படித்தான். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் அதனதன் மானம் உண்டு, எல்லாவற்றையும் கூட்டிப் பார்க்க ஒரு கணக்கு கிடையாது.

நடுவே கோப்பை ஆட்டம் வந்தால் சிக்கல். கோப்பையில் ஒருமுறை தோற்றால் வெளியே. வென்றாலோ அடுத்த சுற்று வந்து நிற்கும், முன்பே ஒப்புக்கொண்ட ஆட்டம் ரத்தாகும். 1885இல் ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் கொடுப்பது அனுமதிக்கப்பட்ட பிறகு இது தாங்க முடியாததாயிற்று. ஆட்டம் இல்லாத வாரமும் சம்பளம் உண்டு, டிக்கெட் காசு மட்டும் இல்லை. ஆஸ்டன் வில்லா கிளப்பின் வில்லியம் மெக்ரெகர் என்ற ஜவுளிக் கடைக்காரர் 1888 மார்ச்சில் மற்ற கிளப்புகளுக்குக் கடிதம் எழுதினார். 12 கிளப்புகள் சேர்ந்தன, ஆளுக்கு 22 ஆட்டம் நிச்சயம் என்று முடிவாயிற்று. செப்டம்பர் 8இல் ஆட்டம் தொடங்கிவிட்டது. வெற்றிக்கு 2 புள்ளி, சமனுக்கு 1 என்று முடிவெடுத்ததோ நவம்பரில்! நாம் உயிராய் நினைக்கும் புள்ளிப் பட்டியல், பாதி வழியில் ஏறிக்கொண்ட ஒன்று. வாராவாரம் ஆட்டம் தவறாமல் நடக்க வேண்டும் என்பதுதான் அவர்களுக்கு முதல் கவலை.

அந்த வருஷமே நம் நாட்டில், சிம்லாவில் டூரண்ட் கோப்பை தொடங்கியது. ஆடியவை ராணுவ அணிகள். அடுத்த வருஷம் கல்கத்தாவில் டிரேட்ஸ் கோப்பை.

இங்கிலாந்தில் கோடை கிரிக்கெட்டுக்கு, குளிர்காலம் கால்பந்துக்கு. கல்கத்தாவில் குளிர்காலத்தைக் கிரிக்கெட் எடுத்துக்கொண்டது. கால்பந்துக்கு மே மாதம் தொடங்கி மழைக்காலம்தான் மிஞ்சியது. நமக்கு இது விநோதமாகத் தோன்றும். இங்கே கண்மாய் வற்றினால்தான் பிள்ளைகளுக்கு மைதானம், ஐப்பசி மழையில் தண்ணீர் ஏறினால் ஆட்டம் முடிந்தது. அங்கே மழைதான் வெயிலில் இறுகிய தரையை இளக்கி, ஓடுகிறவனுக்கு மூச்சு விட வழி செய்தது. ஆனால் சேற்றில் பூட்ஸ் போட்ட சிப்பாய்க்குப் பிடி கிடைக்கும், வெறுங்காலோடு ஆடும் வங்காளி வழுக்குவான். தோல் பந்தும் தண்ணீர் குடித்துக் கனக்கும். அப்படிப்பட்ட பந்தை வெறும் பாதத்தால் உதைப்பதை ஒருகணம் நினைத்துப் பாருங்கள்.

இந்த இடத்தில் நாகேந்திர பிரசாத் சர்வாதிகாரியைச் சொல்லியாக வேண்டும். இந்தியக் கால்பந்தின் தந்தை என்று அவரைச் சொல்வார்கள். தன் வெலிங்டன் கிளப்பில் குயவர் வீட்டுப் பிள்ளை ஒருவரைச் சேர்க்க மற்றவர்கள் மறுத்தபோது, கிளப்பையே கலைத்துவிட்டு ஷோபாபஜார் கிளப்பை அமைத்தார். என் கணக்கில் அவர் அடித்த எந்தக் கோலையும் விடப் பெரிய காரியம் அது. 1892இல், டிரேட்ஸ் கோப்பை ஆட்டத்தில், ஷோபாபஜார் அணி ஈஸ்ட் சர்ரே படைப்பிரிவை 2-1 என்று தோற்கடித்தது. நம்மவர் கிளப் ஒன்று வெள்ளைக்கார ராணுவ அணியைப் போட்டியில் வென்றது அதுதான் முதல்முறை. அடுத்த வருஷம் கல்கத்தாவில் இந்தியக் கால்பந்துச் சங்கத்தின் (ஐஎஃப்ஏ) கேடயப் போட்டி தொடங்கியபோது அதில் இடம் பெற்ற ஒரே இந்திய அணியும் ஷோபாபஜார்தான்.

பட்டியலைத் தேடிப் போனால் இதெல்லாம் கண்ணில் படாது. கல்கத்தா லீக் 1898இல் வந்தது, ஆனால் அதில் இந்தியக் கிளப்புகளுக்கு இடமில்லை. 1889இல் தோன்றிய மோகன் பகான் கிளப்பே முதல் டிவிஷனுக்குள் நுழைந்தது 1915இல், கேடயத்தை வென்று நான்கு வருஷம் கழித்து. ஆக, விக்டோரியா காலம் முழுக்க நம் கிளப்புகளுக்கு லீக் பட்டியல் என்ற ஒன்றே கிடையாது. கடிதம் எழுதி ஏற்பாடு செய்த ஆட்டங்களும், உள்ளே விட்ட ஒன்றிரண்டு கோப்பைகளும்தான் அவர்கள் சீசன். அதில் ஒரு மாலை நேர வெற்றி, ஒரு வருஷத்தையே தாங்கி நிற்கும்.

மோகன் பகான் 1911 ஜூலை 29இல் ஈஸ்ட் யார்க்ஷயர் படைப்பிரிவை வென்று கேடயத்தை எடுத்தது மகத்தான விஷயம்தான், மாற்றுக் கருத்தில்லை. ஆனால் வெள்ளைக்காரரை நாம் முதன்முதலில் வென்றது அன்றுதான் என்று பலர் நினைக்கிறார்கள். அதற்கு 19 வருஷம் முன்பே அது நடந்துவிட்டது. பள்ளிக்கூடங்களில் வினாடி வினா நடத்தும் ஆசிரியர்களே, அடுத்த முறை 1911ஐக் கேட்கும்போது 1892ஐயும் ஒரு கேள்வியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.