பெட்ரோல் முள் பொய் சொல்கிறதா? பழைய கார் வைத்திருப்போர் தெரிந்துகொள்ள வேண்டியவை

திண்டிவனத்தில் கிளம்பும்போது மீட்டரில் அரை டேங்க் காட்டுகிறது. விக்கிரவாண்டி சுங்கச்சாவடியைத் தாண்டியதும் கார் இருமி இருமி நின்றுவிடுகிறது. முள் மட்டும் அப்படியே அரையில் நிற்கிறது. பழைய கார் ஓட்டுபவர்களுக்கு இது புதிதல்ல. லாரிகளும் பேருந்துகளும் வேகமாகப் பாயும் தேசிய நெடுஞ்சாலையில், அதுவும் இரவில் வண்டி நின்றால் அது செலவோடு முடியாது, உயிருக்கே ஆபத்தாகலாம். முள் ஏன் தவறாகக் காட்டுகிறது? கோளாறு எங்கே என்று கண்டுபிடிப்பது எப்படி? பார்க்கலாம்.

முள் எப்படி வேலை செய்கிறது?

டேங்குக்குள் ஒரு மிதவை இருக்கும். பெட்ரோல் குறையக் குறைய அது கீழே இறங்கும். மிதவையோடு இணைந்த கம்பி, ஒரு மின்தடைப் பட்டையின் மேல் நகரும். அதற்கேற்ப மின்னோட்டம் மாற, டேஷ்போர்டில் முள் ஏறி இறங்கும். இந்த மொத்த அமைப்பைத்தான் மெக்கானிக்குகள் 'டேங்க் யூனிட்' என்கிறார்கள்.

கோளாறு எங்கே?

* முள் எழவே இல்லை: ஃபியூஸ் போயிருக்கலாம், வயர் அறுந்திருக்கலாம், மிதவை ஓட்டையாகி மூழ்கியிருக்கலாம். வெப்பநிலை முள்ளும் சேர்ந்து படுத்துவிட்டால், முதலில் ஃபியூஸைப் பாருங்கள்.
* எப்போதும் ஒரே இடம்: மிதவை சிக்கியிருக்கலாம். பல பழைய கார்களில் வயர் பாடியில் உரசினாலும் முள் 'ஃபுல்' காட்டும்.
* முள் ஆடுகிறது: மின்தடைப் பட்டை தேய்ந்திருக்கலாம் அல்லது எர்த் இணைப்பு துருப்பிடித்திருக்கலாம். எர்த்தைச் சுத்தம் செய்தாலே சில வண்டிகளில் சரியாகிவிடும்.

முள்ளா? டேங்கா?

இதை நீங்களே சோதிக்கலாம். திண்டிவனத்தில் ஒரு பங்க்கில், நாசில் தானாக நிற்கும் வரை நிரப்பிவிட்டு, ட்ரிப் மீட்டரைப் பூஜ்ஜியமாக்குங்கள். விழுப்புரம் போய்த் திரும்பினால் சுமார் 80 கி.மீ. அதே பங்க்கில் மறுபடியும் அதேபோல நிரப்புங்கள். லிட்டருக்கு 15 கி.மீ. தரும் கார் என்றால் 5 முதல் 6 லிட்டர்தான் பிடிக்க வேண்டும்.

அவ்வளவுதான் பிடிக்கிறது, ஆனால் முள் பாதிக்கு இறங்கியிருந்தது என்றால் பொய் சொல்வது முள். 9 லிட்டர் பிடித்தால் பெட்ரோல் எங்கோ போகிறது. காலையில் காருக்கு அடியில் ஈரம், பெட்ரோல் வாடை இருக்கிறதா பாருங்கள். இருந்தால் ஓட்டாதீங்க. வாடை இல்லாவிட்டால் மைலேஜ் குறைந்ததற்கான காரணத்தை எஞ்சினில் தேட வேண்டும்.

கார் கொஞ்ச தூரம் ஓடி நின்று, சற்று நேரம் கழித்து மறுபடி கிளம்புகிறதா? டேங்க் மூடியைத் திறக்கும்போது 'உஸ்' என்று காற்றை உள்ளே இழுத்தால், காற்றுத்துளை அடைத்திருக்கலாம்.

எத்தனால் பெட்ரோலால் பாதிப்பா?

இப்போது பங்க்குகளில் 20% எத்தனால் கலந்த பெட்ரோல் கிடைக்கிறது. எத்தனால் ஈரத்தை ஈர்க்கும். தண்ணீர் அதிகம் சேர்ந்தால் பிரிந்து டேங்கின் அடியில் தங்கி, இரும்பு டேங்கில் துருவுக்கு வழிவகுக்கும். பழைய ரப்பர் ஹோஸ்களும் வலுவிழக்கலாம். மாதக்கணக்கில் ஓட்டாமல் நிறுத்தும் கார்களில் கூடுதல் கவனம் தேவை.

செலவைக் குறைக்க என்ன வழி?

'பம்ப் போச்சு, மாத்தணும்' என்று சொன்னால், முதலில் 5 லிட்டர் ஊற்றி ஸ்டார்ட் செய்து பாருங்கள். டேங்க் காலியாக இருந்ததற்குப் பம்ப்பை மாற்றினால் பணம்தான் வீண். சில கார்களில் பின் சீட்டைத் தூக்கினாலே டேங்க் யூனிட் கிடைத்துவிடும். சிலவற்றில் டேங்கையே இறக்கணும். கூலி அதைப் பொறுத்தது என்பதால் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

இதைச் செய்யாதீங்க

டேங்கைத் திறந்து வயரை உரசிப் பார்ப்பது, லைட்டர் வெளிச்சத்தில் உள்ளே எட்டிப் பார்ப்பது வேண்டாம். காலி டேங்கிலும் பெட்ரோல் ஆவி இருக்கும், ஒரு பொறி போதும். கழுவி ஆவியை நீக்காத டேங்குக்கு வெல்டிங் வைக்கவும் விடாதீர்கள்.

முள்ளைச் சரிசெய்யும் வரை ட்ரிப் மீட்டரை நம்பி, கால் டேங்குக்குக் கீழே போகாமல் நிரப்புங்கள். பம்ப் டேங்குக்குள் இருக்கும் கார்களில் பெட்ரோல்தான் அதைக் குளிர்விக்கிறது என்பதால், அதற்கும் இது நல்லது. பண்டிகை நேர நெரிசலில் விக்கிரவாண்டியில் காத்திருக்க நேர்ந்தாலும் கவலை இல்லை.

நெடுஞ்சாலையில் நின்றுவிட்டால் வண்டியை இடது ஓரத்துக்குத் தள்ளி, நான்கு இண்டிகேட்டரையும் போட்டு, எல்லோரும் இறங்கித் தடுப்புக்கு அப்பால் நில்லுங்கள். தேசிய நெடுஞ்சாலை உதவி எண் 1033-ஐ 24 மணி நேரமும் அழைக்கலாம்.