சருகைச் சத்தாக்கும் சின்னஞ்சிறு உயிர்கள்

நெய்வேலியின் பழுப்பு நிலக்கரி, பல கோடி ஆண்டுகளுக்கு முன் சதுப்பு நிலத்தில் மூழ்கிய தாவரங்கள். காற்றுப் புகாததால் அவை முழுதாக மட்கவில்லை. மட்க வைக்கும் உயிர்களில் பெரும்பாலானவை அங்கே வாழ முடியவில்லை.

இன்று நெய்வேலி நகரியத்து மரங்களடியில் உதிரும் இலையின் கதை வேறு. மழை பெய்ததும் மரவட்டைகள் வந்து சருகை நொறுக்கித் தின்கின்றன. எச்சமாக விழும் துகள்களில் பூஞ்சையும் பாக்டீரியாவும் எளிதாகப் படர்கின்றன. ஆனால் இந்த நுண்ணுயிர்கள் நைட்ரஜனைத் தம் உடலுக்குள்ளேயே வைத்துக்கொள்ளும்! கண்ணுக்குச் சரியாகத் தெரியாத உண்ணிகளும் துள்ளும் பூச்சிகளும் பூஞ்சையை மேய்ந்து கழிக்கும்போது அந்த நைட்ரஜன் வேருக்குக் கிடைக்கிறது. எவ்வளவு அருமையான ஏற்பாடு! மண்புழுவின் எச்சத்திலும் சுற்றியுள்ள மண்ணைவிட நைட்ரஜனும் பாஸ்பரசும் கூடுதல்.

நிலக்கரிச் சுரங்கத்திலிருந்து தோண்டிக் கொட்டிய மண்ணில் மட்கு மிகக் குறைவு. அந்த மேடுகளில் நட்ட மரங்களுக்கு, அவற்றின் சருகே பெரிய உரம். அதைக் கூட்டி எரித்தால் நைட்ரஜனின் பெரும்பகுதி புகையோடு போய்விடும். மரவட்டைக்கும் மண்புழுவுக்கும் உணவு இருக்காது.